ஏழாம் நம்பர் கல்

– நாளைக்கு நீங்க சாட்சிக் கூண்டுல ஏறலேன்னா, நூர் பாய், அந்தச் சதுப்பு மேல ரோட்டைப் போட்டுடுவா.

– ஏறினா மட்டும் இன்னா ஆவும் வக்கீலம்மா? மொத கேள்வியே, “நீ லாரி திருடின ஆளுதானே?”ம்பான். அதுக்கப்புறம் நான் சொல்றத எவன் காதுல வாங்குவான்?

– ரோடு போடறவா கோர்ட்டுல குடுத்த ரிப்போர்ட்டைக் கேளுங்கோ. அடையாத்து ஓரம், பறவைகளுக்குன்னு சர்க்காரே ஒதுக்கின இடம். அங்க சதுப்பே இல்லையாம், கெட்டித் தரையாம். தொண்ணூத்தி நாலுல இதே ரோட்டுக்காக கான்ட்ராக்டரோட லாரில மண் அடிச்சது நீங்கதானே?

– கெட்டித் தரையா! காலு வெச்சா இடுப்பு வரிக்கும் உள்ள போவும்மா.

– அதைத்தான் ஜட்ஜ் முன்னாடி சொல்லுங்கோங்கறேன்.

– சொல்லுய்யா! இதுக்குத்தானே மயிலாப்பூருக்கு பஸ் ஏறி வந்தோம்?

– ஹாஜிரா, பொண்டாட்டியா லட்சணமா கம்முனு குந்து.

– குந்த மாட்டேன். வக்கீலம்மா, இருவது வருசம் ஸ்டீரிங் புடிச்ச ஆளு இவரு. ஒரு கோழி மேல ஏத்தினதில்ல. லைசென்ஸ புடுங்கிக்கினாங்க. இப்ப வடபழனில மூட்டை தூக்கறாரு. தெருவுல பொடிசுங்கல்லாம், “லாரி பாய், லாரி எங்க பாய்?”னு கூவுதுங்க.

– நானும் அதையே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. நீங்க திருடலேன்னா லாரி எங்க?

– ஸ்டேஷன்ல சொன்னேன். சிரிச்சாங்க. அப்பால அறைஞ்சாங்க.

– நான் சிரிக்க மாட்டேன்.

– சிரிப்பீங்கம்மா. கட்டின நானே சிரிச்சேன். முழுவிக்கினு கீற லாரிய பூட்டிட்டு எறங்கின மகராசன் இவரு!

– முழுகறதா? லாரியா?

– லோடு கவுக்கறப்ப பின்சக்கரம் சேத்துல எறங்கிச்சு. குதிச்சேன். கதவப் பூட்டினேன். பூட்டாம நான் வண்டிய வுட்டு எறங்கினதே கெடையாது. ஓடிப் போயி ஆளக் கூட்டியாறதுக்குள்ள கேபின் கூரை மட்டும்தான் தெரியுது. கான்ட்ராக்டர் வந்து பாத்தான். “லாரி முழுவற எடம்னு தெரிஞ்சா ரோடே நின்னுடும், மூடுங்கடா”ன்னான். மூணு நாளு அது மேலயே மண்ணு கொட்டினாங்க. நாலாம் நாள் நான் திருடன்.

– எந்த இடம்? இந்த வரைபடத்துல காட்டுங்கோ.

– படிக்கத் தெரியாதும்மா. சர்வே கல்லு தெரியும். ஏழாம் நம்பர்.

– ஏழா? நன்னா தெரியுமா?

– என் வண்டி நின்ன எடம் எனக்குத் தெரியாதா?

– பாய், அவா கம்பி இறக்கி டெஸ்ட் பண்ணினதே ஏழாம் கல்லுகிட்டதான். ஆறடிக்கு மேல கம்பி போகலையாம். பாறை மாதிரி தட்டித்தாம். அதை வச்சுண்டுதான் கெட்டித் தரைன்னு எழுதியிருக்கா!

– பாறையா? அது என் கேபின் கூரை!

– யா அல்லா... இருங்கம்மா, எனக்கு சிரிப்பு வருதா அழுவ வருதான்னே தெரியல.

– தோண்டச் சொல்லி நாளைக்கே மனு போடறேன். ஆனா லாரி வெளிய வந்தாலும், “இது எங்க லாரியே இல்லை”ம்பான் கான்ட்ராக்டர். கூண்டுல ஏறுவேளா?

– ஏறுறேம்மா. எவன் இன்னா வேணா கேக்கட்டும். ஜட்ஜய்யாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வெய்யுங்க: கதவ யாரும் ஒடைக்க வாணாம். சாவி எங்கிட்டதான் கீது, நானே தொறக்கறேன்.