ஓட்டைக்கு ஒட்டு

— கொடியில இருக்கறதை ஓட்டைன்னு சொல்லாதீங்க டேனெஷ். எங்கப்பா வெட்டினது அது.

— சரி யோலான் அக்கா, வெட்டு. அடைச்சீங்களா இல்லையா? மாஸ்கோ தூதர் வண்டி ஊருக்குள்ள நுழைஞ்சாச்சு. மேயர் என்னைப் போட்டு வறுத்தெடுக்கறார்.

— அந்த மாஸ்கோகாரங்க திணிச்ச சுத்தியல், கோதுமைக் கதிர் சின்னத்தைத்தான் ஐம்பத்தாறு புரட்சியில அப்பா கொடி நடுவுலேர்ந்து கத்தரிச்சு எறிஞ்சார். அதுக்கு ஆறு வருஷம் ஜெயில்.

— தெரியும்க்கா. போன தேர்தல்ல அந்தக் கொடி முன்னாடி நின்னு மேயரே அழுதாரே.

— இப்ப அவர் கண்ணையே உறுத்துதாக்கும்?

— இப்ப அவங்கதான் நமக்கு எரிவாயு தர்றாங்க. எதிரி பிரஸ்ஸல்ஸ்காரன். சுவர்ல போஸ்டர் பார்க்கலையா?

— பார்த்தேன். கிழிச்சும் பார்த்தேன். அடியில பழைய போஸ்டர்கள்ல வேற எதிரிங்க மூணு பேர் இருக்காங்க.

— ஐயோ, மெதுவாப் பேசுங்க!

— அவ்வளவு பயம்னா நகராட்சி மண்டபச் சுவர்லேர்ந்து கொடியைக் கழட்டி வெச்சிடலாமே?

— வெறும் சுவரைப் போட்டோ எடுத்து எதிர்க்கட்சிக்காரன் மானத்தை வாங்கிடுவான். அடைச்சுட்டா அதே கொடி, வம்பில்லை. அப்புறம், முன்னாடியே சொன்னதுதான், உங்க கடை குத்தகை இந்த மாசத்தோட முடியுது. நகராட்சிக் கட்டடம், மேயர் கையெழுத்துப் போடணும். நான் மிரட்டலை.

— இதுக்குப் பேர் மிரட்டல் இல்லையா? சரி, இந்தாங்க, பிரிச்சுப் பாருங்க.

— அடடா! மூணு நிறமும் கோடு பிசகாம சேருதே! நடுவுல மட்டும் கொஞ்சம் பளிச்சுனு இருக்கு, பரவாயில்லை. நீங்க முடியாதுன்னுடுவீங்களோன்னு ராத்திரி பூரா தூக்கமில்லை. நகராட்சி பால்கனிக்குத் தைக்கக் கொடுத்த புதுக் கொடி?

— ஓரம் அடிச்சு, சுருட்டி, நாடா கட்டிக் கொடுத்துட்டேன். காலையிலேயே உங்க ஆள் வாங்கிட்டுப் போனாரே.

— அப்ப மேல மாட்டியிருப்பாங்க. தூதர் கயிறை இழுத்ததும் அப்படியே விரியணும். டிவிக்காரங்க எல்லாரும் வந்தாச்சு. அது சரி, தையல் மெஷினை ஏன் பெட்டியில போட்டு வெச்சிருக்கீங்க?

— குத்தகை முடியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க.

— இவ்வளவு அழகா அடைச்சுக் கொடுத்துட்டு ஏன் கவலைப்படறீங்க? மேயர்கிட்ட நானே சொல்றேன். பேண்ட் ஆரம்பிச்சுட்டான், நான் ஓடணும்.

— நில்லுங்க, வாசல்லேர்ந்தே பால்கனி நல்லாத் தெரியும்.

— ஆமா, ஒட்டுத் துணி மூணு நிறமும் ஒரே துண்டா இருக்கே. இப்படி வட்டமா கடையில விக்கறானா?

— கடையில ஏது? அதே அளவுல புதுக் கொடி ஒண்ணு கைக்கு வந்துச்சு. அது நடுவுலேர்ந்து வெட்டினேன்.

— எந்தப் புதுக் கொடி? அக்கா... எந்தக் கொடி?

— அதோ, தூதர் கயிறை இழுத்துட்டார். நிமிர்ந்து பாருங்க.