பந்திக்குப் பின்னால் நிற்பவர்கள்

பிறர் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு, ஐயா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை கல்யாண வரவேற்பில் சாம்பாரிலும் ரசத்திலும் உப்பைக் கொட்டியவன் நான்தான் என்று கேள்விப்பட்டதும், ஏதோ சாப்பாட்டின் மேல் பகை உள்ள ஆள் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. உப்பைக் கொட்டியது உண்மை. ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் கரண்டியோடு உட்கார்ந்திருக்கும் சமையற்காரர் மாசிலாமணி உங்களிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஏன் கொட்டினாய் என்று கேட்கிறீர்கள். அதற்குக் கான்கிரீட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் சவுரிராயன். திண்டிவனத்தில் வீடுகளுக்கும் மண்டபங்களுக்கும் கம்பிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பொறியாளன். நிலக்கடலை எண்ணெய் மில் வைத்திருக்கும் கோதண்டபாணி ஒரு கல்யாண மண்டபம் கட்ட விரும்பினார். கீழே மேடை, மேலே சாப்பாட்டுக் கூடம். அந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் தளத்தை வடிவமைத்தவன் நான்.

தளம் என்பது ஒரே பலமுள்ள பொருள் அல்ல, ஐயா. ஒரே சிமெண்டில் குழைத்த கலவை காலையில் ஒரு மாதிரி இருக்கும், வெயில் ஏறியதும் வேறு மாதிரி ஆகும். கட்டி வைத்த கம்பியை யாராவது மிதித்து இறக்கிவிடுவார்கள். ஐந்து அங்குலம் என்று வரைந்தால் ஓரிடத்தில் நாலே முக்கால்தான் இருக்கும். அதனால் பலத்தை ஓர் எண்ணாக நினைக்கக் கூடாது. அது ஒரு குன்று. பெரும்பாலானவை நடுவில் குவிந்திருக்கும், அரிதானவை ஓரத்தில் சரிந்து கிடக்கும். மேலே ஏறுகிற பாரம் இன்னொரு குன்று. இரண்டு குன்றுகளின் அடிவாரங்களும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவோ, அங்கேதான் தளம் விழுகிறது. அந்த இடம் எவ்வளவு சிறியது என்று கணக்கிடுவதற்கு நம்பகத்தன்மை முறை என்று பெயர். அந்தப் பெயரே என் மனத்தைத் தொட்டது. நம்பிக்கையைக் கணக்கில் சேர்த்துக் கட்டடம் கட்டுவது எவ்வளவு நல்ல காரியம்.

விதிப்புத்தகத்தில் இப்படிப்பட்ட கூடங்களுக்கு ஒரு பாரம் சொல்லியிருக்கிறார்கள். பெரிய பாரம். மனிதர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள் என்ற அவநம்பிக்கை அதில் தெரியும். எனக்கு மனம் ஒப்பவில்லை. நானே அளந்தேன். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து வருகிறவர்களை மாதா கோயில் வாசலில் எடைக்கருவியில் ஏற்றினேன். "இன்னா சார், எடை பாத்துத்தான் மோட்சத்துக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் ஏறினார்கள். எடை மிகவும் குறைவாக வந்தது. அது தவக்காலம், பாதிப்பேர் ஒருவேளைச் சாப்பாட்டில் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. ஈஸ்டர் விருந்துக்காக ஆளுக்கு மூன்று கிலோ கூட்டிக்கொண்டேன். நான் அஜாக்கிரதையான ஆள் இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் இலைக்கு ஓர் ஆள். பரிமாறுகிறவர்கள் சிலர். மேசை, நாற்காலி, அண்டா. அவ்வளவுதான் பாரம். விதிப்புத்தகம் சொன்னதைவிடத் தளம் மெல்லியதாக வந்தது, கம்பியும் குறைந்தது. கோதண்டபாணி என் கையைப் பிடித்துக்கொண்டார். விழுப்புரத்தில் பொறியாளர் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசினேன். எனக்குச் சால்வை போட்டார்கள்.

தளம் இறுகி, அடியில் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்து, வெள்ளை அடித்தாயிற்று. மண்டபத்தின் முதல் விசேஷம் கோதண்டபாணியின் மகள் வெண்ணிலாவின் கல்யாணம் என்று முடிவானது. அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் வேறொரு கல்யாணத்துக்குப் போனேன். பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் முதல் பந்தியில் உட்கார்ந்தேன்.

என் வாழ்நாளில் நான் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை, ஐயா. விருந்தில் கடைசி இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே கடைப்பிடிப்பவன். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை கீழே உட்கார்ந்திருப்பேன். கடைசிப் பந்தியில் என் பின்னால் யாரும் இருந்ததில்லை. அன்று சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தபோது என் நாற்காலியின் முதுகை யாரோ பிடித்தார்கள்.

"சார், ரசத்துக்கு வந்துட்டீங்களா? ஜல்தி ஆவட்டும், கொயந்த பசில நிக்குது" என்றது ஒரு குரல்.

"மோரு வேணாம்னு சொல்லுங்க சார், அப்பிடியே எய்ந்துடலாம்" என்றது அவர் மனைவியின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் நின்றார். சிலவற்றின் பின்னால் இருவர், இடுப்பில் பிள்ளையோடு. சாப்பிடுகிறவர் எழுவதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும் என்று இடம் பிடித்து நிற்கிறார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கமாம். எனக்குத் தெரியாது. ஓர் இலைக்கு ஓர் ஆள் என்று போட்டிருந்தேன். உண்மையில் மூன்று பேர்.

திண்டிவனம் திரும்பும் பேருந்தில் மறுபடி கணக்குப் போட்டேன். அடிவாரங்கள் மட்டும் தொட்டுக்கொள்ளவில்லை, ஐயா. இரண்டு குன்றும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன.

உடனே கோதண்டபாணியிடம் சொல்லப் போனேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் புதுத் தளத்தின் நடுவில் நின்று குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டினார். "பாத்தீங்களா சார், கல்லு மாதிரி நிக்குது. அல்லாருகிட்டயும் உங்க பேரத்தான் சொல்லிக்கினு இருக்கேன். எம்பொண்ணு கல்யாணம் உங்க கையால கட்டுன எடத்துல நடக்குது, எனக்கு வேற இன்னா சார் வேணும்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கீழே வரிசையாகச் சவுக்குக் கட்டைகளை நிறுத்தித் தளத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தால் போதும்தான். ஆனால் கல்யாண மேடைக்கு முன்னால் முட்டுக்கட்டைகள் நின்றால் என்ன அழகு? பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அவர் மனம் நொந்துபோகும். ஒரு மனிதனின் மகிழ்ச்சியைக் காப்பாற்றுவது சின்ன உதவி. அதைச் செய்யாமல் பெரிய உதவிகளைப் பற்றிப் பேசி என்ன பயன்?

தளத்தின் பலத்தை இனி மாற்ற முடியாது, அது இறுகிவிட்டது. ஆனால் பாரம் இன்னும் தெருவில்தான் நடமாடிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கலாம். முறைப்படி இதில் தவறே இல்லை.

ஓமந்தூரில் கோதண்டபாணியின் அக்கா அம்சா இருக்கிறார். ஓர் ஆட்டுக்குட்டி விஷயமாக அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி வெகுநாளாகிறது. பத்திரிகையை என்னிடம் கொடுத்து, "நீங்க போய் சொன்னா அக்கா கேக்கும் சார். அது வந்து நிக்காம எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறக் கூடாது" என்றார். அம்சா அம்மாள் வந்தால் அவர் மட்டும் வரமாட்டார். இரண்டு வேன் நிறைய ஓமந்தூரே வரும். எல்லோரும் நன்றாக உழைத்து, நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். நான் போய் அவர் கொடுத்த கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, பத்திரிகையைப் பையிலிருந்து எடுக்காமலே, கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருப்பதாகவும், தம்பியே நேரில் வந்து பேசுவார், அதுவரை நீங்களாகப் போன் செய்ய வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த அம்மாள் எனக்குப் பைநிறைய நிலக்கடலை கொடுத்தனுப்பினார். விழுப்புரத்து உறவினர்களுக்கான பத்திரிகைகளையும் நானே வாங்கிக்கொண்டு, ஒல்லியானவர்களுக்கு மட்டும் கொடுத்தேன்.

இருந்தும் நேற்று மாலை தெரு நிறைய வண்டிகள் வந்து நின்றன. மாப்பிள்ளை வீட்டார் ஆரோக்கியமான குடும்பம். ஆட்களைக் குறைக்க இனி நேரமில்லை. பந்திக்குப் பின்னால் நிற்பவர்களையாவது நிற்காமல் செய்ய வேண்டும். யோசித்துப் பாருங்கள் ஐயா, எந்தச் சாப்பாட்டுக்கு யாரும் இடம் பிடித்து நிற்கமாட்டார்கள்? வாயில் வைக்க முடியாத சாப்பாட்டுக்கு. முதல் பந்தி முகம் சுளித்து எழுந்தால் மற்றவர்கள் மேலே ஏறவே மாட்டார்கள் என்று நினைத்தேன்.

சமையற்கட்டில் மாசிலாமணி வியர்த்து நின்றார். "இன்னா சார், டேஸ்டு பாக்க வந்தீங்களா?" என்றார்.

"காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறீர்கள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

"இந்த மாரி சொன்ன மொத ஆளு நீங்கதான் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு செபம் சொல்லிவிட்டு உப்பைக் கொட்டினேன். பாயசத்திலும் கொட்டினேன். மோரில் மட்டும் போடவில்லை. குழந்தைகள் குடிப்பார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் தாய்மாமன் முதல் வாய் வைத்ததும் எழுந்தார். "யோவ், இன்னா சோறுய்யா இது? மரக்காணத்து உப்பளத்த அப்படியே வாரிக்கினு வந்துட்டீங்களா?" என்று கத்தினார்.

"உங்க வூட்டு நாக்குக்கு நல்ல சோறு இன்னிக்குத்தான் மொதல்ல படுது, அதான்" என்றார் பெண் வீட்டில் ஒருவர், சாப்பிட்டுப் பார்க்காமலே.

சாப்பாடு பிடிக்காதவர்கள் இறங்கிப் போவார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் சண்டை என்றால் கீழே இருப்பவர்களும் மேலே ஏறுவார்கள் என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எல்லோரும் ஏறினார்கள். புகைப்படக்காரர் ஏறினார். தவிலும் நாயனமும்கூட ஏறின. மாசிலாமணி கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய ஏறினார். அத்தனை பேரும் கூடத்தின் நடுவில் நின்று தரையை உதைத்துக் கத்தினார்கள். விதிப்புத்தகம் எழுதியவர்கள்கூட இப்படி ஒரு பாரத்தை நினைத்திருக்கமாட்டார்கள்.

ஐயா, போனை எடுக்க வேண்டாம். இப்போது மதியப் பந்தி நடக்கும் நேரம்தான், நாற்காலிகளுக்குப் பின்னாலும் ஆள் நிற்பார்கள்தான். ஆனால் நேற்றே தாங்கிவிட்டது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன், ஒரு விரிசல்கூட இல்லை. சரி, உங்கள் மனத்திருப்திக்கு எல்லோரையும் இறங்கச் சொல்லிவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் நேற்று எல்லோரும் நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். கோதண்டபாணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அம்சா வேலைதான் இது. வராம இருந்துக்கினே ஆளு வெச்சி உப்பு கொட்டியிருக்கு" என்று ஒருவர் சொல்ல, அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வெண்ணிலா பட்டுப்புடவையோடு மேலே வந்து, ஒரு விரல் சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று அத்தைக்குப் போன் செய்தாளாம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாளாம்.

"அத்த, ஏன் வரல நீ?"

"எங்கடி வர்றது? கல்யாணம் தையிலன்னு சவுரிராயன் சாரு வந்து சொல்லிட்டுப் போனாரே? கூழு குடிச்சிட்டு, மல்லாட்டைகூட வாங்கிக்கினு போனாரு."

அப்போதுதான் மாசிலாமணி, தன்னை டீ குடிக்க அனுப்பியதும் நான்தான் என்று சொன்னாராம். "நீ இப்பவே கெளம்பி வா அத்த. நீ வந்து நின்னாத்தான் நான் கழுத்த நீட்டுவேன்" என்று அழுதாளாம். அம்சா அம்மாள் இரண்டு வேனோடு வந்து சேர்ந்தார். வந்ததும் தம்பியை ஓங்கி ஓர் அறை விட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதார். மாப்பிள்ளையின் தாய்மாமனிடம், "பசில கோவப்படாதீங்க அண்ணே, மொதல்ல உக்காருங்க" என்று தன் கையாலேயே மோர் சோறு பிசைந்து போட்டார். மோரை நான் விட்டுவைத்தது எவ்வளவு நல்லதாயிற்று, பாருங்கள். இன்று காலை தாலி ஏறியது. வெகுநாள் பேசாதவர்கள் பேசிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் நான் நன்றி எதிர்பார்க்கவில்லை. கோதண்டபாணி என்னைப் பார்த்தால் காலை உடைப்பேன் என்று சொன்னதாகத் தெரிகிறது. அவரை மன்னித்துவிட்டேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். அந்தத் தளத்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நீ, மொத்த ஜனமும் மேலே ஏறியபோது எங்கே இருந்தாய் என்றீர்கள். உப்பைக் கொட்டியதும் சாலையைக் கடந்து எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய்விட்டேன். என் மனைவி பிரின்சியை நேற்று ஒருநாள் உபவாசம் இருக்கச் சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். சாலை அகலமில்லை, மண்டபத்து ஜன்னல்கள் திறந்திருந்தன, இறங்குங்கள் என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். கொடுக்க நினைத்தேன். ஆனால் முழு அளவில், உயிருள்ள பாரத்தோடு ஒரு தளத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எந்தப் பொறியாளனுக்கும் கிடைப்பதில்லை. ஜன்னல் வழியாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன், ஐயா. நடுவில் கத்தினால் எண்ணிக்கை தவறிவிடும்.