புகார் வராத தெரு

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு அப்புறம் மேல போறேன்... கேக்குறீங்களா?

ஊர் பேரு வேணாம். தெக்கத்திப் பக்கம். அங்க சுண்ணாம்புக்காரத் தெரு. அதுல செந்தூர்க்கனின்னு ஒரு அம்மா, தையல் வேலை. வீட்டுக்காரர் தவசிமுத்து, பஞ்சாலையில வேலை பாத்து நெஞ்சு கெட்டுப்போனவர். கட்டில் பக்கத்துல ஆக்சிஜன் மெஷின். கரண்ட் இருந்தா மெஷின் ஓடும்... மெஷின் ஓடுனா இவரு மூச்சு விடுவாரு.

ஒரு கோடையில ஊருக்குக் கரண்ட் பத்தல. எந்தத் தெருவுல நிறுத்துறது? அத முடிவு பண்ண ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வெச்சாங்க. அதுவே பாத்து, அதுவே நிறுத்தும். மனுஷன் கை படாது, பாரபட்சம் இருக்காதுன்னாங்க. நல்லதுதானே?

முதல் நாள் மத்தியானம் சுண்ணாம்புக்காரத் தெருவுல நின்னுச்சு. மறுநாளும் அங்கதான். அதுக்கு மறுநாளும்... அங்கதான். தவசிமுத்துவுக்கு உதடு நீலமாயிரும். அந்தம்மா ஆட்டோ பிடிச்சு, அவரப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஆக்சிஜன் வெச்சு, கரண்ட் வந்ததும் திரும்பக் கூட்டிட்டு வருவாங்க. ஆட்டோக்காரர் எறக்கிவிடும்போது கேப்பாராம், "நாளைக்கும் வரட்டுமாக்கா?"

கரண்ட் ஆபீசுக்குப் போனாங்க.

"சார், ஏன் எங்க தெருவுலயே நிறுத்துறீங்க?"

"நாங்க நிறுத்தலம்மா. சிஸ்டம் நிறுத்துது."

"சிஸ்டத்துக்கு யாரு சொன்னா?"

"அது தானா முடிவெடுக்கும்மா."

"எத வெச்சு எடுக்கும்?"

இன்ஜினியர் யோசிச்சாரு. "அது எங்களுக்கே தெரியாதும்மா. செஞ்ச கம்பெனிக்குத்தான் தெரியும். கேட்டா ரகசியம்ங்கிறாங்க."

அவரு பொய் சொல்லல. நிஜமாவே தெரியாது.

அப்புறம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்துச்சு. அந்தம்மா எந்திரிச்சு அதே கேள்வியக் கேட்டாங்க. கூட்டத் தலைவர், சிஸ்டம் செஞ்ச கம்பெனிக்காரரப் பாத்தாரு. "பொதுப்பணத்துல வாங்குனது... சொல்லுங்க."

கம்பெனிக்காரர் சொன்னாரு, "ஐயா, எந்தப் பகுதியில இருந்து புகார் குறைவா வருதோ, அங்க பாதிப்பு குறைவுன்னு சிஸ்டம் எடுத்துக்கும்."

புகார் எதுல பண்ணணும்? போன்ல அதுக்குன்னு இருக்குற ஆப்புல. சுண்ணாம்புக்காரத் தெருவுல முக்காவாசிப் பேருக்குப் பட்டன் போன், அதுல ஆப் ஓடாது. அதனால கம்ப்யூட்டர் பாத்துச்சு... இவங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க.

முடிவு அடுத்த கூட்டத்துலன்னு அனுப்பிட்டாங்க. தெரு சும்மா இருக்குமா? இருக்குற நாலு நல்ல போன வெச்சுப் புகார் புகாராப் போட்டாங்க. மறுநாள் கரண்ட் நிக்கல. மெஷின் ஓடுச்சு. அந்தம்மா ரொம்ப நாளைக்கப்புறம் மத்தியானம் உக்காந்து சோறு தின்னாங்க.

ரெண்டு நாள் கழிச்சு ஆட்டோக்காரரப் பாத்து, "இப்பச் சவாரி இல்லாமப் போச்சேப்பா"ன்னாங்க.

"இருக்குக்கா. உப்பளக் குடியிருப்புல ஒரு அண்ணாச்சி. அவருக்கும் நெஞ்சுதான். இப்ப அங்கதான நிறுத்துறாங்க."

வீட்டுல வந்து சொன்னாங்க. தவசிமுத்து மூக்குக் குழாயக் கழட்டிட்டு, "அப்ப நாம சத்தம் போட்டு அவரத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கோம்"னாரு. குழாயத் திரும்ப மாட்டிக்கிட்டாரு. அதுக்கு மேல பேச மூச்சில்ல.

அடுத்த கூட்டத்துக்கு அந்தம்மா உப்பளத்துக்காரங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போனாங்க. தலைவர் கேட்டாரு, "உங்க தெருவுக்குத்தான் கரண்ட் வந்துருச்சாமே?"

"அதனாலதான் ஐயா வந்தேன். எங்க தெருவ விடுங்கன்னு கேக்கல. எந்தத் தெருன்னு சொல்ற விதிய எங்க முன்னால எழுதுங்க. தப்புன்னா நாங்க சொல்லணும்ல."

எழுதுனாங்க. தமிழ்ல, எல்லாரும் பாக்க. தெருத்தெருவா முறை வெச்சு நிறுத்தணும், முன்னாடியே சொல்லணும், உயிர் காக்குற மெஷின் இருக்குற வீட்டுக்கு மாத்து ஏற்பாடு பண்ணிட்டுத்தான் நிறுத்தணும், மக்களக் கேக்காம விதிய மாத்தக்கூடாது. இப்பவும் அங்க கரண்ட் நிக்குது. ஆனா ஏன்னு கேட்டா, இன்ஜினியருக்குப் பதில் தெரியுது.

இப்ப உங்கள ஒண்ணு கேக்குறேன்... இதுல கம்ப்யூட்டர் என்ன தப்புப் பண்ணுச்சு? சொன்னதச் செஞ்சுச்சு. சொன்னது யாரு? எதுக்காகச் சொன்னாங்க? அதக் கேக்க நமக்கு உரிமை இருக்கா இல்லையா?

நாளைக்கு உங்க வீட்டுக்கும் புது மீட்டர் மாட்ட வருவாங்க... எப்ப எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு தானாவே ஆபீசுக்கு அனுப்புற மீட்டர். மாட்டட்டும். வெயில்ல வந்திருப்பாங்க, தண்ணி குடுங்க. குடுத்துட்டுக் கேளுங்க... இது எங்களப் பத்தி என்ன சொல்லும்? யாருகிட்டச் சொல்லும்? அத வெச்சு முடிவெடுக்குறவர எங்க வந்து பாக்கலாம்?

மாட்டுறவருக்குத் தெரியாது. பரவால்ல... தெரிஞ்சவர் வர்ற வரைக்கும் கேளுங்க.