பத்தாம் நம்பர்

வேதாகமத்தை மூடிவிடாதீர்கள், சகோதரிகளே. அந்த வசனத்தில் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குட்டியாக ஒன்று சொல்லிவிட்டு அங்கேயே திரும்புகிறேன். குட்டிக் கதைதான்... ஆனால் அதில் நானும் இருந்தேன்.

எங்கள் மதுரையில் ஒரு மலைநடைக் குழு உண்டு. பதினாலு பேர். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு ஏதாவது ஒரு மலைக்குப் போவோம். லில்லி புஷ்பம் டீச்சர்தான் தலைவி. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தவர்கள். அவர்கள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஆளுக்கொரு நம்பர். நிற்கிற இடத்திலெல்லாம் அவரவர் நம்பரை வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று... பதினாலு வந்தால்தான் அடுத்த அடி.

ஒன்பதாம் நம்பர் ஜெயசிங் அண்ணன். பத்து, அவர் மனைவி பொன்மணி அக்கா. பதினொன்று, நான்.

ஜெயசிங் அண்ணன் தங்கமான மனுஷன். ஆனால் ஒரு பழக்கம். அக்காவிடம் காபியா டீயா என்று கேட்டால் பதில் அண்ணனிடமிருந்து வரும். டாக்டர் அக்காவைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டால், "முழங்கால்ல டாக்டர்" என்பார் அண்ணன். சிரிக்காதீர்கள்... உங்கள் வீட்டிலும் இருக்கிறார்.

அப்படித்தான் நம்பரும். "ஒன்பது, பத்து" என்று ஒரே மூச்சில் அவரே சொல்லிவிடுவார். இரண்டு வருஷமாக அக்கா வாயிலிருந்து 'பத்து' வந்ததே இல்லை. நாங்களும் கேலி செய்து சிரிப்போம். யாராவது தடுத்தோமா? இல்லை.

போன அக்டோபர் கொடைக்கானலிலிருந்து பெரியகுளம் பக்கம் இறங்குகிற பழைய நடைபாதையில் போனோம். காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பும்போது வானம் வெளுத்துத்தான் இருந்தது. ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. பத்து மணிக்கு மஞ்சு இறங்கியது, வெள்ளைத் திரை போட்ட மாதிரி மூடுபனி. எல்லாரும் மழைக்கோட்டு, தலையில் முக்காடு. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. ஒரு ஓடை வந்தது. முழங்கால் அளவு தண்ணீர். டீச்சர் நிறுத்தினார்கள். நம்பர் சொன்னோம்.

ஏழு... எட்டு... "ஒன்பது, பத்து."

நான், "பதினொன்று."

பதினாலு வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டினோம்.

அக்கரையில் ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கினோம். பொன்மணி அக்காவுக்குப் பதினொரு மணிக்கு ஒரு பிரஷர் மாத்திரை உண்டு. அண்ணன் அதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து, திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டினார். "இந்தா, போடு."

யாரும் எடுக்கவில்லை.

மாத்திரை சாரலில் கரைகிறது... கை அப்படியே நீண்டிருக்கிறது... அப்புறம்தான் திரும்பினார்.

பின்னால் யாருமே இல்லை, சகோதரிகளே. ஓடைதான் இருந்தது. அதுவும் முழங்கால் அளவு ஓடை இல்லை. மேலே பெய்த மழையெல்லாம் சேர்ந்து, செங்காவி நிறத்தில், இடுப்புக்கு மேல் உருண்டு போகிறது.

அண்ணன் இறங்கப் போனார். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒற்றைக் குரல் அந்த இரைச்சலைத் தாண்டவில்லை. டீச்சர் விசில் அடித்தார்கள். காற்றில் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் பாதை பிரிகிறது. ஒன்று ஓடைக்கு வரும், இன்னொன்று பள்ளத்துக்குப் போகும். அக்கா எதில் நிற்கிறார்கள்?

டீச்சர் அண்ணனின் தோளைப் பிடித்தார்கள். "நம்பர் சொல்லுவோம். எல்லாரும் சேர்ந்து நின்னு, சத்தமா. ஜெயசிங், நீங்க உங்க நம்பரை மட்டும் சொல்லுங்க."

சொன்னோம். எட்டு... "ஒன்பது."

அதோடு நிறுத்தினார். வாயைப் பொத்திக்கொண்டு நிறுத்தினார்.

பதில் இல்லை. மறுபடி ஒன்றிலிருந்து. பதில் இல்லை. பதினொன்று சொல்லவேண்டிய நான் நிற்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் 'பத்து' என்று கேட்டதும் 'பதினொன்று' என்றேனே... என் முன்னால் நின்றது யார் என்று பார்த்தேனா?

மூன்றாம் தடவை. ஏழு... எட்டு... "ஒன்பது."

மஞ்சுக்குள்ளிருந்து, கீழே பள்ளத்துப் பக்கமிருந்து, மெல்லிசாக ஒரு குரல்.

"பத்து."

அண்ணன் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் விடவில்லை. நம்பரைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். ஒவ்வொரு 'பத்து'க்கும் குரல் கிட்டே வந்தது. எங்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அக்கா பள்ளத்திலிருந்து ஓடைக்கரைக்கு ஏறிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. கயிறு கட்டி இக்கரைக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார், "அவ ரொம்பப் பயந்துட்டா, டீச்சர்."

"நான் பயப்படலைங்க," என்றார்கள் அக்கா. "செருப்பு பிஞ்சு போச்சு. ஓரமா ஒரு மரத்துக்குப் பின்னால ஒதுங்கி முடிஞ்சு போட்டுட்டு நிமிர்ந்தேன், ஒருத்தரையும் காணோம். வழி தப்பிப் பள்ளத்துப் பக்கம் இறங்கிட்டேன். ஒன்பது வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கு மேல யாரும் சொல்லல. அப்ப நாமதான சொல்லணும்?"

இப்போது விரல் வைத்த இடத்துக்கு வாருங்கள். பெயர் சொல்லி அழைத்தேன் என்கிறார் கர்த்தர். யார் பெயரை? உங்கள் வீட்டுக்காரர் பெயரையா? 'அவர் ஜெபம் பண்ணுகிறார், அது எனக்கும் சேர்த்துத்தான்' என்று எத்தனை நாள் பின்னால் நடந்துகொண்டிருக்கிறோம்? சரி, இன்னொன்றும் கேட்கிறேன்... 'என் மகன் நன்றாகத்தான் இருக்கிறான்' என்று போன வாரமும் இங்கே சொன்னோமே, திரும்பி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னோமா? அன்போடுதான் சொல்கிறோம். அண்ணனும் அன்போடுதான் சொன்னார். அந்த அன்பான ஒரு வார்த்தையில் பதினாலு சரியாக வந்தது... ஒரு ஆள் மட்டும் அக்கரையில் நின்றுவிட்டார்.

கர்த்தர் கணக்கில் தவறமாட்டார். நம்முடைய குரல் வரும்வரை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் நம்பரை நாம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஜெபிப்போம். இன்று நான் உங்களுக்காக ஜெபிக்கப் போவதில்லை. முதல் வரிசையிலிருந்து, ஒவ்வொருவராக... உங்கள் வாயால்.