முற்றத்தில் வார்த்த கல்

கூச்சமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அக்கரையில ஸ்ஃபாக்ஸ் டவுன் மீன் சந்தையில நின்னு கூவிக் கூவி வித்தவ நான், மேடையேறவா கூசப் போறேன்? விருது குடுக்கற எடத்துக்கு வரலன்னு சொன்னதுக்குக் காரணம் அது இல்ல. ரிஹாப்தான உங்கள அனுப்பிவெச்சா, போயி கெழவிய சம்மதிக்க வைங்கன்னு? சல்ஹாம்மா வராட்டி நானும் வாங்க மாட்டேன்னு சொல்றாளாமே. சொல்லுவா. பிடிவாதக்காரி.

அவ வாங்கணும்மா. அவளும் அவகூட அலைஞ்ச பசங்களும்தான் வாங்கணும். அதுல எனக்கு மறுபேச்சே கெடையாது. எங்க தீவுல எட்டுக்கால் பேய்க்கணவாய் அத்துப்போச்சு, இனிமே பொழப்பு இல்லன்னு நாங்கள்லாம் தலையில கைய வெச்சு உக்காந்திருந்தப்ப, எதாவது செய்யணும்னு எழுந்திரிச்சவ அவ ஒருத்திதான்.

இழுவைமடி பாத்திருக்கீங்களா? படத்துலயா. நேர்ல பாக்கணும். சங்கிலி கட்டி அடித்தரைய வழிச்சுக்கிட்டு வரும். குஞ்சு குளுவான், ஆமை, ஒண்ணு பாக்கி இருக்காது. அதக்கூட விடுங்க, கடல்புல்லையே வேரோட பிடுங்கிடும். புல்லு போச்சுன்னா மீன் எங்க போயி முட்ட போடும்? ஆழம் கொறஞ்ச எடத்துல இழுக்கக் கூடாதுன்னு சட்டமெல்லாம் இருக்கு. யாரு கேக்கறா. ரிஹாப் காலேஜ் முடிச்சுட்டு வந்தவ, மனுவ எடுத்துக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறினா. எல்லா எடத்துலயும் உக்கார வெச்சு டீ குடுத்தாங்க, அவ்வளவுதான்.

அப்புறம்தான் இந்தக் கல்லு யோசனை. காங்கிரீட்டுக் கல்லு, பக்கத்துக்குப் பக்கம் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். புல்லு மிச்சமிருக்கற எடத்தச் சுத்தி எறக்கிட்டா மடி மாட்டிக் கிழியும். ரெண்டு தடவ கிழிஞ்சா முதலாளி அந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்க மாட்டான். இதுதான் நெனச்சது. மடி கிழியும்னுதான் நெனச்சோம். வேற எதுவும் நெனக்கல.

வார்த்ததெல்லாம் இந்த முத்தத்துலதான். கடல ஒட்டின வீடு, சுவரும் ஒசரம், யாரும் எட்டிப் பாக்க முடியாது. கூஸ்கூஸ் பெசையற கையாலயே சிமெண்டும் பெசைஞ்சேன். எங்க எறக்கப் போறோங்கறது மட்டும் வெளிய போகக் கூடாதுன்னு எல்லாரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம். எடம் தெரிஞ்சா முதலாளி ஆள விட்டுக் கல்லத் தூக்கிடுவான்ல.

மெஹ்ரெஸ் அப்ப இழுவைப் படகுலதான் வேல பாத்தான். ஆமா, என் மகன்தான். ஏம்மா அப்படிப் பாக்கறீங்க? இங்க பாதி வீட்டுக் கத அதுதான். அவங்க வாப்பா கடலுக்குள்ள பேரீச்ச மட்டைய நட்டுக் கட்டிட்டுப் போன மீன்வேலியில மீன் விழல. கல்யாணம் பேசி வெச்சிருக்கு. அவன் என்னதான் செய்வான்? நீ கல்லு செய் யும்மா, நான் மடி இழுக்கறேன், சாப்பாடு மட்டும் ஒரே தட்டுல சாப்பிடுவோம்னு சிரிப்பான்.

கல்ல ஏத்தற அன்னிக்கு நாலு பசங்க தூக்க முடியாம முக்கிக்கிட்டு நிக்கறானுங்க. இவன் தூங்கி எழுந்து வந்து பாத்தான். என் மடியக் கிழிக்கறதுக்கு முன்னாடி நீங்க இடுப்ப ஒடச்சுக்குவீங்கடா, தள்ளுங்கன்னு சட்டையக் கழட்டிப் போட்டுட்டு அவனும் ஒரு கை குடுத்தான். எங்க போடப் போறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டா எனக்குத்தான் சங்கடம்னு அவனுக்குத் தெரியும்.

கேள்விப்பட்டிருப்பீங்க. குளிர்காலம், அப்பத்தான் விடியுது. அவன் போன படகோட மடி நாங்க போட்ட கல்லுல மாட்டிக்கிச்சு. அத்து விட்டுட்டா வேல முடிஞ்சுது. டிரைவர் மடிய விட மனசு வராம எஞ்சின முறுக்கியிருக்கான். படகு பின்பக்கமா சாஞ்சு தண்ணி ஏறிடுச்சு. மத்தவங்க மெதப்பப் பிடிச்சுத் தப்பிச்சுட்டாங்க. இவன் கால்ல வடம் சுத்திக்கிச்சு. ரெண்டாள் ஆழந்தாம்மா அந்த எடம். பொறந்ததுலேர்ந்து நீந்தின எடம்.

இல்ல, தண்ணியெல்லாம் வேணாம். நீங்க உக்காருங்க.

அடக்கம் முடிஞ்சதுலேர்ந்து ரிஹாப் தெனமும் வாசல்ல வந்து நிப்பா. உள்ள வர மாட்டா. புள்ள சாப்புடறதே இல்லன்னு அவங்கம்மா வந்து என்கிட்ட அழுவுறா. யாருக்கு யாரு ஆறுதல் சொல்றது, சொல்லுங்க. பத்து நாள் போச்சு. கல்லையெல்லாம் எடுத்துடலாம்னு பசங்ககிட்ட சொல்லிட்டா, படகு கயிறெல்லாம் தயாராயிடுச்சுன்னு சேதி வந்துச்சு. நான் போயி அவ தோளப் பிடிச்சு உலுக்கினேன். எதுக்குடி எடுக்கற? எடுத்தா எழுந்து வந்துடுவானா? கல்லு எங்க கெடக்குன்னு நான் அவன்கிட்ட சொன்னேன்டி, அந்தப் பக்கம் போவாதன்னு சொன்னேன், அவன்தான் கேக்கல. சத்தியத்த மீறினது நான், கேக்காதது அவன். நடுவுல நீ எங்கடி வந்தன்னு கேட்டேன். அப்படியே என் மேல சாஞ்சு அழுதா. அன்னிக்குத்தான் ஒரு துண்டு ரொட்டி தின்னா.

இப்பப் போயிப் பாருங்க. புல்லு இடுப்பளவுக்கு நிக்குது. பேய்க்கணவாய் தானா வந்து, பிடிக்கறதுக்கு நாங்க கடல்ல எறக்கி வெக்கற மண்சட்டிக்குள்ள உக்காருது. ஆமை ரெண்டு வருஷமா மணல்ல ஏறுது, பசங்க மொற போட்டுக் காவலிருக்கானுங்க. எனக்குச் சந்தோஷமா இருக்கும்மா. அதுதான் கொடுமை. சட்டியத் தூக்கும்போது கை கனக்குது, சந்தோஷப்படறேன். வீட்டுக்கு வந்து அவன் செருப்பப் பாத்தா, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு இருக்கு.

ஆங், அதத்தான் சொல்ல வந்தேன். நேத்து நீங்க படிச்சுக் காட்டினீங்களே, மேடையில வாசிக்கப் போறதா ஒண்ணு. அதுல எங்க வீட்டுக் கதையும் வருதே, தாய் எச்சரிச்சும் கேக்காமப் போயி உயிரவிட்ட மகன்னு. ரிஹாப் சொன்னதத்தான் எழுதியிருக்கீங்க, உங்கமேல தப்பு இல்ல. நல்லாவும் எழுதியிருக்கீங்க. ஆனா அத மைக்குல வாசிப்பீங்க. டிவியில வரும். அவன் கூட்டாளிங்க, அவனுக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணு, எல்லாரும் கேப்பாங்க.

மெஹ்ரெஸ் நான் சொன்னா கேக்கற புள்ளம்மா. ஒரு தடவ இத்தாலிக்குப் போற கள்ளப்படகுல ஏறக் கெளம்பிட்டான். பணம் குடுத்தாச்சு, பை கட்டியாச்சு. போவாதடான்னேன். ஒரே ஒரு தடவதான் சொன்னேன். பைய எறக்கி வெச்சுட்டு, சோறு போடு யும்மான்னு வந்து உக்காந்துட்டான். அப்படிப்பட்டவன்.

அன்னிக்கும் சொல்லியிருந்தா நின்னுருப்பான். நான் சொல்லலம்மா. ரொட்டி கட்டிக் குடுத்தேன். குளிருது, கம்பளிச் சட்டையப் போட்டுக்கன்னேன். எந்தப் பக்கம் போறீங்கன்னு கேட்டேன், மேக்கன்னான். கல்லு கெடக்கறதும் மேக்கதான். சரின்னேன்.

மறுபடி அதே மாதிரி வாசல்ல நின்னு அவன் கெளம்பினா இப்பவாவது சொல்லுவேனான்னு யோசிச்சுப் பாக்கறேன். புல்ல நெனச்சுக்கறேன், அவன நெனச்சுக்கறேன். தெரியல.

ரிஹாபுக்கு இது தெரிய வேணாம். மறுபடி சாப்பிடாமக் கெடப்பா. மகன் பேச்ச எடுத்தா கெழவி தாங்க மாட்டேங்கறா, அதான் அந்த வரிய எடுத்துட்டோம்னு சொல்லிடுங்க. அது இல்லன்னா நான் வர்றேன். அவ பக்கத்துலயே நிக்கறேன், கை தட்டறேன், என்ன வேணாலும் செய்யறேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது. எது அந்த வரி, காட்டுங்க. இதா? இவ்வளவுதான் நீளமா.

அடிச்சுடுங்க.