வலது மட்கார்டில் பச்சைத் தீற்றல்

கார் கழுவ இரண்டு வாளி வேண்டும் என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஒன்று சோப்புத் தண்ணீருக்கு, மற்றது துணியை அலச. ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால், துணியில் ஏறிய மணலை எடுத்து மறுபடியும் கார் மேலேயே தேய்க்கிறோம். வண்டியைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வீடு நடப்பது இந்த அநியாயம்தான். அந்த அநியாயத்தில் பிழைக்கிறவன் நான். ஆகவே குறை சொல்ல மாட்டேன்.

நேராகச் செவ்வாய்க்கிழமைக்கு வரச் சொல்கிறீர்கள். வருகிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் என் தொழில் இன்னதென்று தெரியாமல் எழுதினால், நீங்கள் எழுதுவது ஏதோ கொடூரமான ஆளின் கதை மாதிரி ஆகிவிடும். அப்படி ஒன்றும் இல்லை.

காரின் பெயின்டுக்கு மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்போம். ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. கீறல் என்பது அதில் விழுந்த பள்ளம். பள்ளத்தை யாரும் நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் மேட்டைத் தேய்த்து அதன் மட்டத்துக்கு இறக்குகிறோம். அதாவது ஒவ்வொரு பாலிஷும் வண்டிக்காரனின் சொத்தில் கொஞ்சம் எடுப்பதுதான். எவ்வளவு எடுத்தால் அவனுக்குத் தெரியாது என்று அறிந்தவன் தொழில்காரன். இதற்கு நாங்கள் பிடிப்பது ரோட்டரி மெஷின். ஒரே திசையில் சுற்றும். ஒரே இடத்தில் இரண்டு மூச்சு நின்றால் சூடு ஏறும், விளிம்பில் கொஞ்சம் சாய்ந்தால் பெயின்டையே தின்றுவிடும். அவசரக்காரனுக்கும் கவனம் சிதறுகிறவனுக்கும் அது ஒத்து வராது.

என் மச்சினன் இரண்டுமாக இருந்தான். மனைவியின் தம்பி. நான்கு வருடம் என் ஷெட்டில் வேலை பார்த்தான். மெஷினைப் பிடித்தால், திமிறுகிற ஆட்டை அமுக்குகிற மாதிரி இருக்கும். அவன் முடித்த வண்டி நிழலில் தகதகவென்று மின்னும். வெயிலுக்குத் தள்ளினால் வளையம் வளையமாகத் தெரியும், தண்ணீரில் எண்ணெய் சிந்தியது போல. சுட்டிக்காட்டுவேன்.

"வெயில்ல நிறுத்தி வெளிய நின்னு யாரு அத்தான் பாக்குறா? எல்லாரும் ஏசியப் போட்டுக்கிட்டு உள்ளதான உக்காந்திருக்காங்க" என்பான்.

நல்ல பதில்தான். அவனிடம் எப்போதும் நல்ல பதில் இருந்தது. வாடிக்கையாளர்கள் அவன் பேச்சைக் கேட்கவே வந்தார்கள்.

சென்ற வருடம் ஒரு டாக்டரின் கறுப்பு வண்டி வந்தது. பானெட்டின் விளிம்பில் மெஷினைச் சாய்த்து, பெயின்டை உள்ளே இருக்கும் சாம்பல் பூச்சு தெரிகிற அளவுக்குத் தின்னவிட்டான். டாக்டர் வந்து பார்த்தபோது நான் வண்டிக்கு மறுபக்கம் குனிந்து சக்கரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தானுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல டாக்டர். சொன்னா வருத்தப்படுவாரு. இனிமே உங்க வண்டிய நானே பாத்துக்கிறேன்" என்றான்.

டாக்டர் கோபப்படவில்லை. என்னை எழுப்பி, என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, தனக்குத் தெரிந்த கண் மருத்துவரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு ஷெட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "மச்சினன் இல்லையா? பரவால்ல, வரட்டும்" என்று உட்கார்ந்துகொள்வார்கள். நான் மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் தன் ஸ்கூட்டரில் கடைவீதிக்கு, மெஷினில் மாட்டுகிற பாலிஷ் பேட் வாங்கக் கிளம்பினான். அந்த ஸ்கூட்டருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தது நான். மூன்று டின்களில் மிஞ்சியதை ஒன்றாகக் கலந்தேன். பாசி பிடித்த கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்ப்பது போல ஒரு பச்சை வந்தது. மறுபடி கலக்கச் சொன்னால் எனக்கே வராது. அந்தப் பச்சை உலகத்தில் ஒரே வண்டியில்தான் உண்டு.

பத்து மணி வாக்கில் ஜவுளிக்கடைக்காரர் வந்தார். வெள்ளைக் கார், வலது மட்கார்டில் முழ நீளத்துக்குக் கீறல். முகம் வேர்த்திருந்தது.

"டிரம்முங்க. சூளை வளைவுல ரோட்டோரமா ஒரு டிரம்மு கிடந்துச்சு, உரசிடுச்சு."

"நிறுத்திப் பாத்தீங்களா?"

"டிரம்மைப் போயி என்னத்தப் பாக்குறது? இது சம்பந்தி வண்டி. சாயங்காலம் அவங்க வாசல்ல நிறுத்தியாகணும். கீறல் இருந்துச்சுன்னா எம்பொண்ணுக்கு ஆயுசுக்கும் பேச்சு."

குனிந்து பார்த்தேன். கீறலுக்குள் பச்சை தீற்றியிருந்தது. கிணற்றுப் பச்சை. விரலால் தொட்டேன். கடைவீதியிலிருந்து ஷெட்டுக்கு வருகிற வழியில்தான் சூளை வளைவு இருக்கிறது. காலையில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. பக்கத்தில் ஆள் உயரப் பள்ளம்.

புரிந்ததா என்று கேட்கிறீர்கள். புரிந்தது.

அட்டையை எடுத்து எழுதினேன். எழுதாமல் நான் எந்த வண்டியையும் தொடுவதில்லை. நேரம் பத்து இருபது. வலது மட்கார்டு, கீறல், பச்சைப் பெயின்ட் ஒட்டியுள்ளது. உங்கள் மேஜை மேல் இருப்பது அந்த அட்டைதான். தப்பு செய்ய நினைக்கிறவன் தன் கையால் அப்படி எழுதி வைப்பானா? யோசித்துப் பாருங்கள்.

முதலில் கழுவினேன். பிறகு இதற்கென்றே விற்கிற களிமண் கட்டியால் தேய்த்து, ஒட்டியிருந்த தூசியை எடுத்தேன். அப்போது போன் அடித்தது. திரையில் மச்சினன் என்று வந்தது. கை ஈரம். விளிம்புகளில் டேப் ஒட்டி, கம்பளி பேட் மாட்டி, பாலிஷ் மருந்து தடவி மெஷினைப் போட்டேன். இரண்டாவது முறை அடித்தபோது சத்தம் கேட்கவில்லை. போன் மேஜையில் வண்டு போல நகர்வது தெரிந்தது. ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு யாரும் போன் எடுக்க மாட்டார்கள். இது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற விஷயம்.

மூன்றாவது முறை அடித்தபோது மெஷின் நின்றிருந்தது. பேட் மாற்றிக்கொண்டிருந்தேன். இதை மறைக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஜவுளிக்கடைக்காரர்தான் சொன்னார்.

"எடுங்களேன். ஏதாச்சும் அவசரமா இருக்கப் போவுது."

"இப்ப பேசினா கை நிதானம் போயிடும். அவங்களே மறுபடி கூப்பிடுவாங்க" என்றேன்.

மறுபடி கூப்பிடவில்லை.

பச்சை பதினொன்றரைக்குள் போய்விட்டது. கீறலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியது. அத்துடன் நான் நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன். அந்த மட்கார்டு மட்டும் கண்ணாடியாக இருந்தது, பக்கத்துக் கதவு வெளிறிக் கிடந்தது. ஒரு பல்லை மட்டும் விளக்கிய வாய் மாதிரி. இரண்டு கதவையும் பானெட்டையும் சேர்த்துச் செய்கிறேன் என்றேன். அவர் பதறினார்.

"அதெல்லாம் வேணாங்க. கேட்ட வேலைய மட்டும் பண்ணுங்க."

"காசு வேண்டாம்."

அவர் அப்போதுதான் உண்மையிலேயே பயந்தார். வியாபாரிக்கு இலவசத்தைப் போல சந்தேகம் தருவது வேறில்லை. ஆனாலும் இலவசத்தை விட்டுவிட்டு எழுந்து போகவும் மனம் வராது. உட்கார்ந்திருந்தார்.

ஒன்றரை மணிக்கு வண்டியை வெயிலில் தள்ளினேன். சுற்றி வந்து பார்த்தேன். ஒரு வளையம் இல்லை. அட்டையில் 'நீக்கப்பட்டது' என்று எழுதி நேரம் போட்டேன். அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

இரண்டரைக்கு ஓடு ஏற்றி வந்த லாரிக்காரர் வளைவில் சிறுநீர் கழிக்க நிறுத்தி, பள்ளத்தில் அவனைப் பார்த்திருக்கிறார். தொடை எலும்பு உடைந்து ரத்தம் போயிருக்கிறது. பன்னிரண்டரை வரைக்கும் உயிர் இருந்திருக்கும், பதினொன்றுக்குள் யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். அவர் படித்தவர்.

ஏன் போகவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். என் கையில் ஒரு வேலை இருந்தது. அவனை இடித்தவன் நான் இல்லை. பள்ளத்தில் தள்ளியவன் நான் இல்லை. வந்த வண்டிக்கு என்ன தேவையோ அதைச் செய்தேன். அன்றைக்கு எந்த ரோட்டில் யார் யார் கிடந்தார்களோ, அத்தனை பேருக்கும் நான் பொறுப்பாக முடியுமா? ஜவுளிக்கடைக்காரர் அடுத்த அறையில் அழுதுகொண்டிருக்கிறார். சுவர் வழியாகக் கேட்கிறது. அவருக்கு ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

என் தரப்பில் பிசகே இல்லை என்று சொல்லவில்லை. ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"விழுந்து கிடந்தப்ப உங்களுக்குப் போன் ஏதும் பண்ணினானா?"

"இல்லையே" என்றேன்.

"அதான பாத்தேன். பண்ணியிருந்தா நீங்க போட்டது போட்டபடி ஓடியிருப்பீங்க."

பத்தொன்பது வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அது மட்டும் உறுத்துகிறது. குற்றம் என்ற இடத்தில் ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்றால், அதை எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.