மூன்றாம் ஆளின் ஓம்

போன மாதத்து இரண்டாம் வெள்ளி மாலை, பிராங்பேர்ட் எஸ்-பான் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஓர் இத்தாலிய நகைச்சுவை மூவர் குழுவைப் பின்பற்றித் தமிழில் நாடகம் போடுகிறவர்கள்; மூன்றாவது நண்பன் ரூபன் இறந்துவிட்டான் என்பது பேச்சில் தெரிந்தது.

"நாடகத்திலை கஞ்சன் நான், கோவக்காரன் நீ. எல்லாத்துக்கும் 'ஓம், சரி' எண்டு தலையாட்டுற பேயனாய் வாற ரூபன் இல்லாமல் சனம் ஏன் சிரிக்கும்? நாளைக்கு மேடை ஏற ஏலாதடா."

"நேற்று நாங்கள் ரெண்டு பேர் மட்டும் நிண்ட ஒத்திகையிலை, 'ரெண்டு பேராய் ஏறுவமோ' எண்டு கேட்டன். ஓம் எண்டு நீதானே சொன்னனி?"

"விசரா, நான் சொல்லேல்லை. நீயே கேட்டு நீயே சொன்னதெண்டெல்லோ நான் நினைச்சன்."

ஒரு நிறுத்தம் கடந்ததும், மேடை ஏற ஏலாதென்றவனே பேசினான்.

"அப்ப ஏறுவம். அவன்ரை வசனம் வாற இடத்திலை கொஞ்சம் பொறுத்துப் பேசு."

"ஏன்?"

"அவன் சொல்லி, சனம் சிரிச்சு முடியவேணுமெல்லோ."